பனிநாட்டில் நோன்பும் விருந்தும்

(பகவான் மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

ஜெர்மனி நாட்டில் கிறிஸ்துமஸ் காலத்தைப் பற்றிப் பேசப் போகின்றேன் என்று விழாக் குழுவினரிடம் சொன்னபோது அவர்கள் சற்றே வியந்தனர். மகாவீரர் விழாவில் கிறிஸ்துமஸ் எதற்கு என்று உங்களுள்ளும் சிலர் எண்ணக்கூடும். காரணம் எளியது. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களில் ஏர்பிடித்தும் ஏடெழுதியும் வாழ்ந்த நம் குலத்தின் பிள்ளைகள் இன்று உலகெங்கும் படிக்கச் செல்கின்றனர். வானூர்தி ஏறும் பிள்ளைக்குக் கம்பளி ஆடை வாங்கித் தருகின்றோம், பருப்புப்பொடியும் ஊறுகாயும் கட்டித் தருகின்றோம். அங்கே ஊரே ஒரு திருவிழாவில் திளைத்திருக்கும்போது, நம் ஒழுக்கத்தையும் விடாமல், அந்த மக்களின் அன்பையும் தள்ளாமல் எப்படி வாழ்வது என்பதை மட்டும் நாம் சொல்லித் தருவதில்லை. அதைப் பற்றிய பேச்சே இது.

என் பேத்தி சென்னையில் பொறியியல் படிப்பவள். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஓர் அரையாண்டு ஜெர்மனியின் கிழக்குப் பகுதியிலுள்ள டிரெஸ்டன் நகரில் தங்கிப் படித்து வந்தாள். அக்டோபரில் தொடங்கிப் பனிக்காலம் முழுவதும் நீளும் பருவம் அது. வாரந்தோறும் அவள் தொலைபேசியில் சொன்னவற்றையும், அதையொட்டி நான் படித்தறிந்தவற்றையும், எங்கள் குடும்பத்தில் எழுந்த ஒரு வழக்கையும் உங்கள் முன் வைக்கின்றேன்.

இருளும் விளக்கும்

முதலில் அந்நாட்டின் பொழுதை அறிந்துகொள்ள வேண்டும். டிசம்பர் மாதத்தின் பிற்பகுதியில் டிரெஸ்டனில் காலை எட்டு மணிக்குப் பிறகே கதிரவன் தோன்றும். மாலை நான்கு மணிக்கெல்லாம் மறைந்துவிடும். பகல் ஏறத்தாழ எட்டு மணி நேரமே. அந்த எட்டு மணியிலும் வானம் சாம்பல் பூசியதுபோல் இருக்கும். நம் ஊர் மார்கழியை எண்ணிக்கொண்டு சென்ற பிள்ளைக்கு முதல் அதிர்ச்சி குளிர் அன்று, இருளே.

அந்த இருளுக்கு அம்மக்கள் கண்ட விடைதான் அவர்களின் விளக்குகள். கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் திருவருகைக் காலம் எனப்படும். பசுந்தழைகளால் கட்டிய வளையத்தில் நான்கு மெழுகுவத்திகளை நட்டு, முதல் ஞாயிறு ஒன்று, இரண்டாம் ஞாயிறு இரண்டு என ஏற்றிச் செல்வர். இவ்வழக்கம் மிகப் பழையதன்று. ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய யோகான் இன்ரிக் விக்கர்ன் என்னும் சமயப் பணியாளர், விழா எப்போது வரும் என்று நாள்தோறும் கேட்ட பிள்ளைகளுக்காக 1839ஆம் ஆண்டில் ஒரு பெரிய வளையத்தில் ஞாயிறுகளுக்கு வெள்ளை மெழுகுவத்திகளும் ஏனைய நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவத்திகளும் அமைத்தார் என்பர். ஏழைக் குழந்தைகளுக்குக் காத்திருக்கவும் நாள் எண்ணவும் கற்பித்த கருவியே இன்று நாடெங்கும் இல்ல வழக்கமாகியிருக்கின்றது.

டிரெஸ்டனுக்குத் தெற்கே தாதுமலைப் பகுதி உள்ளது. வெள்ளியும் ஈயமும் தோண்டிய சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த மண் அது. குளிர்காலத்தில் இருட்டில் சுரங்கத்துள் இறங்கி இருட்டிலேயே வீடு திரும்பியவர்கள் அவர்கள். அதனால்தான் அங்கே விளக்கின் மீது அத்தனை பற்று என்பர். வில்போல் வளைந்த விளக்குத் தண்டை ஒவ்வொரு வீட்டுச் சன்னலிலும் தெருவை நோக்கி வைக்கின்றனர். வழிப்போக்கனுக்கும் அந்த ஒளியில் பங்குண்டு.

இன்னொன்று, ஹெர்ன்ஹூட் விண்மீன். மொரேவிய சகோதர சபை என்னும் சமயக் குழுவினரின் ஊர் ஹெர்ன்ஹூட். 18ஆம் நூற்றாண்டில் நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறியவர்கள் அவர்கள். அச்சபையின் விடுதிப் பள்ளிகளில் 19ஆம் நூற்றாண்டில் வடிவக் கணிதம் கற்பிக்கக் காகிதத்தால் செய்யப்பட்ட பல்முனை விண்மீனே இன்று வீட்டு வாயில்தோறும் ஒளிர்கின்றது. அவ்விடுதிகளில் படித்தவர்களுள் பலர், தொலைதேசம் சென்ற சமயப் பணியாளர்களின் பிள்ளைகள். பெற்றோரைப் பிரிந்து வாழ்ந்தவர்கள். இதைக் கேள்வியுற்ற பேத்தி, "தாத்தா, இது விடுதிப் பிள்ளைகள் செய்த விளக்கு. அதனால் எனக்கும் உரியதுதான்" என்றாள்.

ஒளி நமக்குப் புதிதன்று. பாவாபுரியில் பகவான் மகாவீரர் வீடுபேறு எய்தியபோது, அறிவொளி மறைந்தது, இனிப் பொருளொளியேனும் ஏற்றுவோம் என்று அரசர்கள் விளக்கேற்றினர் எனக் கல்பசூத்திரம் கூறும். நாம் தீபாவளியைக் கொண்டாடுவதும் அந்நினைவாகவே. அவர்கள் ஒரு பிறப்பை எண்ணி விளக்கேற்றுகின்றனர். நாம் பிறப்பறுத்தவரை எண்ணி ஏற்றுகின்றோம். கருத்து வேறு என்பதை மறைக்க வேண்டியதில்லை. இருளில் விளக்கேற்றும் கை மட்டும் ஒன்றே.

சந்தையில் மூன்று விலக்குகள்

டிரெஸ்டன் நகரின் கிறிஸ்துமஸ் சந்தை 1434ஆம் ஆண்டில் தொடங்கியது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வழிவழி வரும் சந்தை. மரத்தால் கடைந்த பொம்மைகள், கண்ணாடி உருண்டைகள், மெழுகுவத்தியின் வெப்பக் காற்றில் தானே சுழலும் மரக்கோபுரங்கள் என்று அங்கே காண்பதற்கு நிறைய உண்டு. உடன் படிக்கும் மாணவர்கள் மாலைதோறும் அங்கேதான் கூடுவர். அழைத்தால் போகாமல் இருக்க முடியாது.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தார்க்கு எட்டு மூலகுணங்களை வகுத்தார். ஐந்து அணுவிரதங்களோடு கள், ஊன், தேன் ஆகிய மூன்றின் விலக்கும் சேர்ந்தவை அவை. அந்நூலின் வழியில் எழுந்த அருங்கலச்செப்பைப் பிள்ளைப் பருவத்தில் நாம் மனப்பாடம் செய்திருக்கின்றோம். அந்தச் சந்தையில் நுழைந்தால் முதற்கடையில் பட்டை கிராம்பு இட்டுக் காய்ச்சிய சூடான திராட்சை மது. இரண்டாம் கடையில் கரியடுப்பில் வாட்டிய இறைச்சிக் குழல். மூன்றாம் கடையில் தேன் சேர்த்துச் செய்த மசாலா ரொட்டி! நாம் விலக்கிய மூன்றும் வரிசையாக நிற்கின்றன என்று சிரித்தபடி சொன்னாள். மெல்லும் மிட்டாய்களில் பலவும் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் கலந்தவை. உறைமேல் அச்சிட்ட பட்டியலைப் படிக்காமல் எதையும் வாயில் இட முடியாது.

அவள் என்ன உண்டாள்? சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாம் உண்டாள். நெருப்பில் சுட்ட செஸ்ட்நட் கொட்டைகள் உண்டாள். மது கலவாத, சிறுவர்க்கென்று காய்ச்சும் பழச்சாறு பருகினாள். தோழியர் கோப்பையோடு தன் கோப்பையையும் சேர்த்துக்கொண்டு நின்றாள். ஆயினும் ஒருநாள் அவள் சொன்ன சொல் என்னை வருத்தியது: "இரண்டு மாதமாக 'வேண்டாம், நன்றி' என்பதைத் தவிர வேறு ஜெர்மன் சொல் எனக்கு வேண்டியிருக்கவில்லை, தாத்தா."

பெற்றோர்களே, இச்சொல்லைச் சற்றுக் கேளுங்கள். விலக்குவதில் உள்ள துன்பம் நாவுக்கன்று. விலக்கும்தோறும் தான் மற்றவரினின்று விலகி நிற்பதாக அந்தப் பிள்ளை உணர்கின்றது. அதுவே உண்மையான துன்பம்.

நான்கு மணிக்கு மறையும் பொழுது

அதனினும் பெரிய இடர்ப்பாடு இரவுணவு. பொழுது சாய்ந்தபின் உண்ணாமை எங்கள் இல்லத்தில் வழிவழி வரும் நோன்பு. நீர் மட்டும் கொள்வோம். இங்கே ஆறு மணிக்குள் உண்பது எளிது. அங்கே நான்கு மணிக்குப் பொழுது மறைகின்றது. பல நாட்களில் பிற்பகல் வகுப்பு முடிவதற்குள் வெளியே இருட்டிவிடும். மூன்று மணி இடைவேளையில் கட்டுச்சோற்றை உண்டுவிட்டு, மறுநாள் காலை எட்டு மணி வரை பதினேழு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதுவும் உடலை உறையச் செய்யும் குளிரில்.

"விளக்கொளியில் விழும் சிற்றுயிர்களுக்கு ஊறு நேராதிருக்கத்தானே இந்நோன்பு? இப்பனியில் ஒரு கொசுவும் இல்லையே" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஆராய்ந்து கேட்பதை நம் சமயம் ஒருபோதும் தடுத்ததில்லை; நீலகேசி வளர்ந்ததே வாதத்தால்தான். நான் கூறிய விடை இது: "கொல்லாமை நோன்பின் வேர். அடக்கம் அதன் தண்டு. வேருக்கு அங்கே வேலை குறைவாக இருக்கலாம். தண்டு அங்கேதான் வலுப்பெறும். ஆனால் உடல்நிலை கெடுமாயின் பாலோ பழமோ கொள். நோன்பு சக்திக்கேற்றதாக இருக்க வேண்டும் என்பதும் நம் ஆசாரியர்கள் மொழிந்ததே." அவள் உடல் தாங்கியது. நோன்பைத் தொடர்ந்தாள்.

வந்த அழைப்பு

டிசம்பர் நடுவில் ஓர் அழைப்பு வந்தது. அவள் ஜெர்மன் மொழி பழகுவதற்கு உதவிய மூதாட்டி ஒருவர், தாதுமலைப் பகுதியில் பிறந்தவர், டிசம்பர் 24 அன்று தம் வீட்டிற்கு வருமாறு அழைத்தார். அங்கே 24ஆம் நாள் மாலையே முதன்மையான விழா. அன்று நண்பகலுக்குப் பின் கடைகள் அடைக்கப்படும். 25, 26 இரு நாட்களும் விடுமுறை. விடுதி வெறிச்சோடிவிடும். அந்நாட்டு மாணவர் அனைவரும் தத்தம் ஊர் சென்றுவிடுவர். பெருந்தெருவிலும் ஆள் நடமாட்டம் இராது.

எங்கள் வீட்டில் வழக்கு மூண்டது. "புலால் சமைக்கும் வீட்டில் என்ன உண்பாள்? மறுத்தால் அவர்கள் மனம் நோகும். மறுக்காவிடில் நம் அறம் போகும். போகாமல் இருப்பதே நல்லது" என்றாள் என் மகள். "மூன்று நாள் தனியறையில் அடைந்து கிடக்கவா அனுப்பினோம்?" என்றார் மருமகன். இருவர் சொல்லிலும் உண்மை இருந்தது. நம் அநேகாந்தவாதம் ஏட்டில் மட்டும் இருந்தால் போதாது, இத்தகைய வேளையில் அடுக்களைக்கும் வரவேண்டும்.

என்னிடம் கேட்டனர். நான் இரண்டு செய்திகளை நினைவூட்டினேன்.

முதலாவது, உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கத் தொடங்கியபோது, சமணக் கருத்துகள் விளங்காமல் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்றார். அவர் உறுதியான சைவர். நம்மவர் அவரைச் சைவரென்று தள்ளவில்லை. தம் மரபைத் திறந்து காட்டினர். அவரும் சைவராகவே சென்று சைவராகவே திரும்பினார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. அவர் நம் வாயிற்படி ஏறத் தயங்கியிருந்தால் தமிழுக்கு நேர்ந்திருக்கும் இழப்பு எவ்வளவு!

இரண்டாவது, ஹெர்மன் யாகோபி. 1850இல் பிறந்த இந்த ஜெர்மானியர், இருபத்துமூன்று வயது இளைஞராக 1873-74 குளிர்காலத்தில் இராசபுதனம் வந்து, அறிஞர் பூலருடன் ஜெய்சல்மேர் சமண ஏட்டு நிலையங்களைக் கண்டார். பின்னாளில் ஆசாராங்க சூத்திரத்தையும் கல்பசூத்திரத்தையும் மொழிபெயர்த்து 1884இல் வெளியிட்டார். சமணம் பௌத்தத்தின் கிளையன்று, தனித்த தொன்மைச் சமயம் என்பதை மேலைநாட்டு அறிஞர் ஏற்கச் செய்தவருள் முதன்மையானவர் அவரே. இன்றைய வழக்கில் சொன்னால் அவரும் ஒரு பரிமாற்ற மாணவரே! அன்று சமணர் தம் ஏட்டறையை அவருக்குத் திறந்தனர். இன்று ஒரு ஜெர்மானிய மூதாட்டி தம் இல்லத்தைத் திறக்கின்றார்.

"போ. ஆனால் போகும் முன்பே உன் நோன்பைச் சொல்லிவிடு. விருந்தன்று மேசையில் அமர்ந்தபின் சொல்லாதே. விருந்தினர் முகம் சற்றே மாறக் கண்டாலும் வாடும் என்று விருந்தினருக்காகப் பேசினார் வள்ளுவர், சமைத்தவர் முகமும் வாடும் என்பதை நீ எண்ணிக்கொள்" என்றேன். விருந்தோம்பலையும் புலால் மறுத்தலையும் கள்ளுண்ணாமையையும் ஒரே நூலில் வைத்தவர் வள்ளுவர். ஒன்றுக்காக மற்றொன்றை விடச் சொல்லவில்லை.

அந்த மாலை

பேத்தி ஜெர்மன் மொழியில் ஒரு சிறு கடிதம் எழுதினாள். எவற்றை உண்பதில்லை என்று மூன்று வரி. எவற்றை மகிழ்ந்து உண்பேன் என்று பத்து வரி. பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்பதையும், மேசையில் உடன் அமர்ந்திருக்க விரும்புவதையும் எழுதினாள்.

மூதாட்டியின் விடை வியப்பைத் தந்தது. எங்களுக்கும் ஒரு காலத்தில் நோன்பு இருந்தது என்றார். திருவருகைக் காலம் பழைய கத்தோலிக்க வழக்கில் நோன்புக் காலம். வெண்ணெய் விலக்கப்பட்டிருந்தது. டிரெஸ்டனின் புகழ்பெற்ற 'ஸ்டோலன்' என்னும் உலர்பழ ரொட்டியை அன்று எண்ணெய் இட்டே சுட்டனர். சாக்சனி நாட்டு ஆட்சியாளர் போப்பிடம் விண்ணப்பிக்க, 1491இல் எட்டாம் இன்னொசென்ட் வெண்ணெய் சேர்க்க இசைவளித்தார். 'வெண்ணெய்க் கடிதம்' என்றே அதற்குப் பெயர். "நோன்பை நாங்கள் மறந்தோம், ரொட்டியை வைத்துக்கொண்டோம்" என்று அவர் எழுதியிருந்தார். வழக்கமாக மதுவில் ஊறவைக்கும் உலர்திராட்சையை ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்து, அவளுக்கென்று ஒரு சிறிய ஸ்டோலனும் சுட்டிருந்தார்.

அன்று பிற்பகல் இரண்டரை மணிக்கே அவளுக்குச் சோறிட்டார். தாதுமலை மக்கள் அன்றிரவு ஒன்பது வகை உணவு வைப்பது மரபு. அதில் பருப்புக்கு இடமுண்டு. சில்லறைக் காசு குறையாதிருக்கும் என்பது நம்பிக்கை. அந்தப் பருப்பும், ஆப்பிள் சேர்த்து வேகவைத்த சிவப்பு முட்டைக்கோசும், ரொட்டியும் இட்டு, தாமும் அருகமர்ந்து தேநீர் பருகினார். சன்னலுக்கு வெளியே பகல் இன்னும் இருந்தது. "வீட்டை விட்டு வந்தபின் என்னோடு ஒருவர் அமர்ந்து பகலில் சோறுண்ணப் பார்த்தது அன்றுதான்" என்றாள் பேத்தி. தொலைபேசியின் இப்பக்கத்தில் என் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பின்னர்த் தேவாலயம் சென்றனர். குழந்தைகள் தொழுவக் காட்சியை நடித்தனர். 1818இல் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டோர்ஃப் என்னும் சிற்றூரில் முதன்முதல் பாடப்பட்ட 'அமைதியான இரவு' என்னும் பாடலை விளக்குகளைத் தணித்துவிட்டு அனைவரும் பாடினர். எழுந்து நின்றபோது அவளும் எழுந்து நின்றாள். நெஞ்சுக்குள் பஞ்ச நமஸ்காரத்தை ஓதினாள். எந்த ஒருவர் பெயரையும் கூறாமல், குணத்தால் உயர்ந்தோரை வணங்கும் மந்திரம் அல்லவா அது? எந்த இடத்தில் நின்றும் அதைச் சொல்லலாம்.

இரவு மேசையில் மற்றவர்கள் உண்டனர். இவள் வெந்நீர்க் கோப்பையோடு அமர்ந்திருந்தாள். "தட்டுகளைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தேன்" என்றாள். மறுநாள் நண்பகல் விருந்துக்கும் அழைத்தனர். முழு வாத்தை வாட்டி மேசையிலேயே அரியும் விருந்து அது. அதற்கு மட்டும், "என்னால் அங்கே அமர இயலாது, பொறுத்தருளுங்கள், மூன்று மணிக்கு உங்களோடு நடக்க வருகின்றேன்" என்றாள். மூதாட்டி அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். சொன்னபடியே சென்றாள், எல்பா ஆற்றங்கரையில் இருட்டும்வரை இருவரும் நடந்தனர்.

அந்த நடையில்தான் மூதாட்டி ஃபிராவன்கிர்ஷ என்னும் தேவாலயத்தைக் காட்டினார். 1945 பிப்ரவரியில் நேச நாடுகளின் விமானங்கள் பொழிந்த குண்டுகளால் நகரம் எரிந்தது. அக்கோயிலும் இடிந்து விழுந்தது. பல பத்தாண்டுகள் கற்குவியலாகவே கிடந்து, 2005இல் மீண்டும் எழுப்பப்பட்டது. அதன் உச்சியில் உள்ள பொற்சிலுவை பிரிட்டன் மக்கள் அளித்த கொடை. அதைச் செய்த பொற்கொல்லரின் தந்தை, அந்நகரின் மீது குண்டு வீசச் சென்ற விமானிகளுள் ஒருவர். தசலட்சணத்தில் முதலாவதாக உத்தம க்ஷமையை வைத்து நாம் போற்றுகின்றோம். பொறுத்தலும் பொறுத்தருளக் கேட்டலும் கல்லும் பொன்னுமாக அங்கே நிற்கக் கண்டதாகப் பேத்தி சொன்னாள்.

நாம் செய்யத் தக்கவை

அன்பர்களே, இதிலிருந்து மூன்று கருத்துகளைச் சொல்லி அமைகின்றேன்.

ஒன்று, பிள்ளைகளுக்கு விலக்குகளின் பட்டியலை மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள்; காரணத்தையும் கற்பித்தனுப்புங்கள். 'எங்கள் வீட்டில் உண்ணமாட்டோம்' என்னும் விடை அயல்நாட்டில் இரண்டு நாளைக்குத் தாங்கும். 'எந்த உயிருக்கும் ஊறு செய்யாமல் இருக்க முயல்கின்றேன்' என்னும் விடை ஆயுள் முழுவதும் தாங்கும். அவ்விடையை அந்நாட்டு மொழியில் சொல்லப் பழக்குங்கள்.

இரண்டு, அயலார் விழாவைக் காண்பதால் அறம் குறையாது. அஞ்சி அறைக்குள் ஒளிவதும் நோன்பன்று, கூட்டத்தோடு கரைவதும் நட்பன்று. தன் எல்லையை முன்கூட்டி, இன்சொல்லால், பிறர் தட்டைப் பழிக்காமல் சொல்லும் பிள்ளைக்கு எங்கும் ஓர் இருக்கை கிடைக்கும். அப்படிக் கிடைக்காத இடமும் சில உண்டு. அங்கே தனித்திருக்கும் வலிமையையும் நாமே தரவேண்டும். ஆதலால் விழா நாட்களில் அவர்களோடு தவறாமல் பேசுங்கள்.

மூன்றாவது, நமக்குரியது. நம் ஊர்க் கல்லூரிகளில் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வந்த பிள்ளைகள் படிக்கின்றனர். தீபாவளியன்று விடுதி உணவுக்கூடம் பூட்டியிருக்கும். தெரு முழுவதும் வெடியும் விளக்குமாக இருக்க, அந்தப் பிள்ளைகள் மூடிய கடைகளைக் கடந்து நடப்பதை நான் கண்டிருக்கின்றேன். நம் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு மூதாட்டி பகலில் சோறிட்டார். அந்தக் கடனை ஜெர்மனிக்குச் சென்று அடைக்க வேண்டியதில்லை. வரும் தீபாவளியில், பகவான் வீடுபேறு எய்திய அந்நன்னாளில், நம் ஒவ்வொரு குடும்பமும் வீட்டை விட்டு வந்த ஒரு மாணவரையேனும் அழைத்து, பொழுது சாயுமுன் இலையிட்டு, அருகிருந்து உண்பிக்க வேண்டுகின்றேன். அழைக்கும்போது ஒரு கேள்வியை மறவாதீர்கள்: "நீ எவற்றை உண்பதில்லை?"

அறம் பெருகுக! எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!